முந்தின நாள் வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம்: நாலு வயதுப் பிள்ளை ஒருத்தியின் நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். பெண்ணின் அக்கா மகளுக்கு நாலு வயது மூன்று மாதம், சென்னையில் எல்.கே.ஜி. படிக்கிறாள். முந்தின நாள் மாலை வரவேற்பில், மேடையில் எல்லோர் கண்ணும் பார்க்கப் புரண்டு அழுதாள். மறுநாள் காலை முகூர்த்தத்தில், அதே மண்டபத்தில், அதே சொந்தக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து தாலி கட்டுவதைப் பார்த்தாள், அட்சதை போட்டாள், தாத்தா ஆச்சி காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கினாள், பந்தியில் அரை இட்லி அளவுக்காவது சாதம் சாப்பிட்டாள். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஒரு பிள்ளையின் வளர்ப்பு மாறிவிடாது. பெரியவர்கள் செய்த ஏற்பாடு மாறியிருந்தது. எது எது மாறியது, ஏன் பலித்தது, எது பலிக்கவில்லை என்பதுதான் இந்த ஆய்வு.

இது ஒரு தனிக் குடும்பத்தின் விவரம் இல்லை. கல்யாண வீடுகளில் இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப நடப்பதை ஒரே பிள்ளையின் மேல் தொகுத்து எழுதியது. நேரக் கணக்கும் அப்படித் தொகுத்ததே.

வரவேற்பு மாலை, நேர வரிசையில்

முந்தின இரவு ரயில் பயணம். பெட்டியில் விளக்கு அணைந்தபோது மணி பதினொன்று. காலை ஐந்தரைக்கெல்லாம் டீ, காபிக் குரல்களில் விழித்துவிட்டாள். ஆக ஆறரை மணி நேரத் தூக்கம். 3, 4 வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஆச்சி வீட்டில் இறங்கியதும் மாமா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் என்று ஒரே விளையாட்டு. பகல் தூக்கம் போயிற்று.

மதியம் 12.30-க்குச் சாப்பாடு. அதற்குப் பிறகு 4 மணிக்கு இரண்டு பிஸ்கட். மூன்றரைக்குத் தலை பின்னுகிறவர் வந்தார். முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார வைத்து, சடை பின்னி, மல்லிகையைச் சுற்றி, ஊசி குத்திப் பொருத்தினார். விழாவுக்குப் போகும் முன்பே பிள்ளையின் பொறுமையில் பாதி இங்கே செலவாகிவிட்டது. 5.30-க்குப் பட்டுப்பாவாடை. 6.15-க்கு மண்டப வாசல். பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் வைத்தார்கள், கல்கண்டுத் தட்டை நீட்டினார்கள். இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டாள், யாரும் தடுக்கவில்லை.

அடுத்த ஒரு மணி நேரம் சொந்தக்காரர்கள். கன்னத்தைக் கிள்ளினார்கள், மடியில் இழுத்து உட்கார வைத்தார்கள். "நான் யாரு சொல்லு பாப்போம்", "மாமாக்கு வணக்கம் சொல்லு", "ரைம்ஸ் சொல்லு, உங்கம்மா நல்லா சொல்லுவேன்னாளே." இருபது பேராவது இப்படிக் கேட்டிருப்பார்கள். ஐந்தாறு பேருக்குப் பிறகு அம்மாவின் முந்தானைக்குள் போய் முகத்தை மறைத்துக்கொண்டாள். "கூச்சமா? இப்படியா வளர்க்குறது?" என்று ஒரு பெரியம்மா சொன்னதும் அம்மாவுக்கு முகம் வாடியது. 7.20-க்குக் கையில் போனைக் கொடுத்தார்கள். பிள்ளை அடங்கிவிட்டாள். அடங்கிவிட்டாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

8.05-க்கு மேடைக்குப் போகும் வரிசை. "அஞ்சே நிமிஷம், சித்தியோட ஒரு போட்டோ, அப்புறம் ஐஸ்கிரீம்." வரிசை நகர 35 நிமிடம் ஆனது. மேடைப்படியில் ஏறும்போது போனைப் பிடுங்கிப் பைக்குள் போட்டார்கள். எதிரே வீடியோ விளக்கு, பக்கவாட்டில் ஒலிபெருக்கி, "பாப்பா இங்க பாரு, சிரி" என்று மூன்று பேர் மூன்று திசையில். பாப்பா தரையில் விழுந்தாள். அம்மா குனிந்து காதுக்குள் அதட்டி, தொடையில் கிள்ளினார். அழுகை கூடியது. "போலீஸ் மாமாகிட்ட பிடிச்சுக் குடுத்துருவேன்" என்றார் இன்னொருவர். அப்பா தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது மணி 8.50. இருபது நிமிடத்தில், சாப்பிடாமலே, தோளில் தூங்கிப்போனாள்.

ஏன் உடைந்தது

இந்த அழுகையைப் பிடிவாதம் என்று பார்த்தால் அடுத்த வேளைக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. தூக்கம் பற்றவில்லை. எட்டு மணி நேரமாக வயிற்றில் பிஸ்கட்டும் கல்கண்டும்தான். உடம்பில் உறுத்தல், காதில் இரைச்சல், முன்பின் தெரியாத கைகள். இவற்றில் ஏதாவது இரண்டு சேர்ந்தாலே நாலு வயதுப் பிள்ளைக்குத் தாங்காது. அன்றைக்கு எல்லாமே சேர்ந்திருந்தன. உணர்ச்சியை அடக்கி, சொன்னதைச் செய்ய வைக்கும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. நாலு வயதில் அதன் பலம் மிகக் கொஞ்சம். பசியும் தூக்கமும் வந்தால் அந்தக் கொஞ்சமும் இருக்காது.

இரண்டு விஷயங்களை மட்டும் விரிவாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இவை கண்ணில் படுவதே இல்லை.

முதலாவது, அந்த "அஞ்சே நிமிஷம்." 1960-களின் கடைசியிலும் 70-களிலும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷல் செய்த சோதனைகள் பலருக்குத் தெரிந்திருக்கும்: எதிரில் ஒரு மிட்டாய், காத்திருந்தால் இரண்டு. காத்திருப்பது பிள்ளையின் பிறவிக் குணம் என்பதுபோல அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு. 2013-ல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செலஸ்டி கிட் குழுவினர் அதே சோதனையில் ஒரு படியைக் கூட்டினார்கள். 3 முதல் 5 வயது வரையான 28 பிள்ளைகள். முதலில் படம் வரைய நல்ல கலர், ஸ்டிக்கர் கொண்டுவருவதாக எல்லோருக்கும் சொன்னார்கள். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பிள்ளைகளிடம் "இல்லை, தீர்ந்துபோச்சு" என்று கைவிரித்தார்கள். அதன் பிறகுதான் மிட்டாய்ச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். சிறிய ஆய்வுதான், ஆனால் வித்தியாசம் பெரியது. கல்யாண வீட்டில் ஒரு நாளில் எத்தனை முறை "இதோ வந்துட்டேன்", "இப்போ கிளம்பிடலாம்", "அஞ்சே நிமிஷம்" என்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். நம் பிள்ளை எந்தக் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறது என்பது விளங்கிவிடும். நாலு வயதுக்கு நிமிடக் கணக்கு புரியாது. சொன்னது நடந்ததா இல்லையா என்பது நன்றாகப் புரியும். ஆகையால் நேரத்தைச் சொல்லாமல் வரிசையைச் சொல்ல வேண்டும். "நமக்கு முன்னாடி அந்த நீலச் சட்டை மாமா, அப்புறம் அந்தப் பாட்டி, அப்புறம் நாம." இது பொய்யாகாது. பிள்ளையும் எண்ணிக்கொண்டே நிற்கும்.

இரண்டாவது, உடை. பட்டுப்பாவாடையின் இடுப்புப் பட்டியில் ஜரிகை நுனி உள்பக்கமாக மடிந்து தைக்கப்பட்டிருக்கும். நாடாவை இறுக்கிக் கட்டியதும் அது தோலில் அரம் போல உரசும். அன்றிரவு பாவாடையைக் கழற்றியபோது இடுப்பைச் சுற்றி விரல் அகலத்துக்குச் சிவந்த தடம். பிள்ளை ஏழு மணியிலிருந்தே இடுப்பை இழுத்துவிட்டுக்கொண்டுதான் இருந்தாள். "பாவாடையைத் தூக்காதே" என்ற அதட்டல்தான் பதிலாகக் கிடைத்தது. நாலு வயதுப் பிள்ளை "ஜரிகை குத்துது" என்று சொல்லாது. அதை நெளிவாகவும் சிணுங்கலாகவும் காட்டும்.

இதற்கு வழி எளிது. உள்ளே மெல்லிய பருத்தி ஷிம்மி, இடுப்புப் பட்டிக்குக் கீழே நாலு விரல் இறங்குகிற நீளத்தில். அதற்கு மேல்தான் நாடா. கட்டிய பிறகு இரண்டு விரல் நுழைய வேண்டும். சட்டையின் கைவளைவில் ஜரிகை வந்தால் அங்கேயும் உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைத்துவிடலாம். தையல்காரருக்குப் பத்து நிமிட வேலை. ஒட்டியாணம் வேண்டாம். கண்ணாடி வளையல் வேண்டாம். பூ ஒரு முழம் போதும். புது உடையை விழாவுக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் அரை மணி நேரம் போட்டு விளையாட விட்டால் எங்கே உறுத்துகிறது என்று தெரிந்துவிடும். கடையில் பட்டு மாதிரி விற்கும் ஆயத்தப் பாவாடைகளில் பல செயற்கை இழை. நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். ஹோமம் வளர்க்கிற கல்யாணமாக இருந்தால் அந்த உடையோடு மணவறைக்குக் கிட்டப் போக விடவே கூடாது.

போன் விஷயம் சுருக்கமானது. போனைக் கொடுத்ததால் வந்த வினை கொஞ்சம். பிடுங்கிய விதத்தால் வந்தது அதிகம். எண்பது நிமிடம் படத்தில் மூழ்கியிருந்த பிள்ளையைச் சட்டென்று வெளிச்சத்திலும் சத்தத்திலும் நிறுத்தினால் அழாமல் என்ன செய்யும்? விழா இடத்தில் போனே இல்லை என்பதுதான் நல்லது. கொடுத்தே ஆக வேண்டியிருந்தால் ஒரு படம் முடியும் இடத்தில், பிள்ளையின் கையாலேயே அணைக்கச் சொல்ல வேண்டும். மேடை ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்பாவது இது முடிந்திருக்க வேண்டும்.

இரவு ஒன்பதரைக்கு எடுத்த முடிவுகள்

பிள்ளை தூங்கிய பிறகு அம்மா, அப்பா, தாய்மாமா மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். யார் வளர்ப்பு சரியில்லை என்ற பேச்சுக்கு ஆச்சி இடம் கொடுக்கவில்லை. நாளைக்கு யார் கையில் பிள்ளை என்பதுதான் கேள்வி. கல்யாணப் பெண்ணின் அக்காவுக்கு முகூர்த்த நேரத்தில் மணவறையில் வேலை இருக்கும், அத்தானுக்கும் அப்படியே. "எல்லோரும் பாத்துப்போம்" என்றால் யாரும் பார்ப்பதில்லை. கூட்டத்தில் பிள்ளை தொலைவதும், சாம்பார் வாளியில் மோதுவதும் இந்த "எல்லோரும்" கையில் இருக்கும்போதுதான்.

ஆகவே நேரத்துக்கு ஒரு ஆள். 6 முதல் 7.15 வரை அம்மா: குளிப்பு, உடை, சாப்பாடு. 7.15 முதல் 9 வரை தாய்மாமா மட்டும். இந்த நேரத்தில் அவருக்கு வேறு எந்த வேலையும் கிடையாது, வந்தவர்களை வரவேற்பதுகூட. 9-க்கு மேல் அப்பா. கைமாற்றும்போது வாயால் சொல்லி மாற்ற வேண்டும்: "மாப்ள, இனி ஒங்க பொறுப்பு." சாதாரணமாகத் தெரியும் இந்த ஒரு வாக்கியம்தான் பெரிய பாதுகாப்பு.

பைக்குள் வைத்தவை: பருத்திச் சட்டை ஒரு மாற்று, ஜட்டி இரண்டு, தண்ணீர் அரை லிட்டருக்குக் குறைவாக ஒரு பாட்டில், டப்பாவில் இரண்டு இட்லி, சின்ன வாழைப்பழம் இரண்டு, ஈரத்துணி, கலர் பென்சில் நாலு, கையளவு நோட்டு, ஊக்கு நாலு. ஸ்கெட்ச் பேனா வைக்கவில்லை. பட்டில் கறை போகாது. சத்தம் போடும் பொம்மையும் இல்லை. அப்பா, மாமா இருவரின் போன் எண்ணையும் அட்டையில் எழுதிச் சட்டைக்கு உள்பக்கம் ஊக்குக் குத்தினார்கள். வெளியே தெரியும்படி பெயர் எழுதித் தொங்கவிடக் கூடாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முன்பின் தெரியாதவர் பின்னாலும் பிள்ளை போய்விடும். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி ஆச்சியிடம் கொடுத்தார்கள்.

முகூர்த்தக் காலை

முகூர்த்தம் 7.30 முதல் 9 வரை. ஒன்பது மணி நேரம் நன்றாகத் தூங்கியதால் 6 மணிக்குத் தானாகவே எழுந்தாள். முந்தின இரவு சாப்பிடாத பசி. இரண்டு இட்லி நெய் சர்க்கரையோடு, அரை டம்ளர் பால். கல்யாண வீட்டில் டிபன் பந்திக்குக் காத்திருந்தால் எட்டரை ஆகும் என்பதால் சமையல்காரரிடம் முதல் ஈட்டில் நாலு இட்லி கேட்டு வாங்கினார்கள். எந்தச் சமையல்காரரும் பிள்ளைக்கு என்றால் மறுக்க மாட்டார்.

7.15-க்குக் கூட்டம் சேர்வதற்கு முன் மாமா அவளை மண்டபத்துக்குள் நடத்திக் காட்டினார். "சித்தி இங்க உக்காருவா. மாப்பிள்ளைச் சித்தப்பா இங்க. நாம இந்த ஓர நாற்காலி. ஒண்ணுக்கு வந்தா அந்தக் கதவு. சத்தம் ரொம்ப இருந்தா அந்த வேப்ப மரம்." மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. தெரியாத இடத்தில் பிள்ளைக்கு வரும் பயத்தில் பாதியை இது எடுத்துவிடும். ஓர நாற்காலிதான் வேண்டும். நடு வரிசையில் உட்கார்ந்தால் பத்து முழங்காலைத் தாண்டி வெளியேற வேண்டியிருக்கும், அதற்குள் அழுகை முற்றிவிடும். ஒலிபெருக்கிக்கு எதிர்ப்பக்கம், மூன்றாவது நாலாவது வரிசை. முதல் வரிசையில் வீடியோக்காரர்கள் மறைப்பார்கள், சத்தமும் அதிகம். தொடர்ந்து கேட்கும் சத்தத்துக்குப் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பைவிடப் பிள்ளைகளுக்கான வரம்பை உலக சுகாதார நிறுவனம் 5 டெசிபெல் குறைவாக, 75 என்று வைத்திருக்கிறது. மூடிய மண்டபத்தில் தவிலும் ஒலிபெருக்கியும் சேர்ந்தால் அது எளிதில் தாண்டிவிடும். காதை மூடும் மெத்தைக் கவசம் பிள்ளைகள் அளவில் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் மாமாவின் இரண்டு உள்ளங்கை போதும்.

மொத்தம் ஒன்றேகால் மணி நேரச் சடங்கில் அவள் உள்ளே இருந்தது மூன்று தவணையாக. 7.40-க்கு உள்ளே வந்து 12 நிமிடம். பிறகு வெளியே மரத்தடி, தண்ணீர், ஓட்டம். 8.05-க்கு மறுபடி பத்து நிமிடம். நோட்டில் சித்தியின் மாலையை வரைந்தாள். மூன்றாவது தவணை தாலி கட்டும் நேரம். பிள்ளை நெளிய ஆரம்பிக்கும் முன்பே மாமா எழுப்பிக் கூட்டிப்போனார் என்பதைக் கவனிக்க வேண்டும். அழுத பிறகு வெளியே தூக்கிப்போனால், அழுதால் வெளியே போகலாம் என்பது பாடமாகிவிடும். நன்றாக இருக்கும்போதே கூட்டிப்போனால் திரும்பி வருவதும் எளிது.

இடையில் வெளியே கூட்டிப்போவது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2023 மே 6 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் மூன்றாம் சார்லஸ் முடிசூடிய விழா சுமார் இரண்டு மணி நேரம் நடந்தது. பேரன் லூயிக்கு அப்போது 5 வயது. விழாவின் நடுவில் அவனை வெளியே அழைத்துச் சென்று, முடிகிற நேரத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே சார்லஸ் 1953 ஜூன் 2 அன்று தன் தாயின் முடிசூட்டு விழாவுக்கு 4 வயதுப் பிள்ளையாக வந்தபோதும் பாட்டிக்கும் சித்திக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு பகுதியை மட்டுமே பார்த்தார். இரண்டு வயதுத் தங்கை ஆனியைக் கொண்டுவரவே இல்லை. உலகமே பார்க்கும் சடங்குக்கே இந்த ஏற்பாடு என்றால், நம் வீட்டுக் கல்யாணத்தில் வேப்ப மரத்தடிக்குப் போய்வருவதில் ஒரு குறையும் இல்லை.

அட்சதை என்ற பொறுப்பு

பிள்ளைக்குச் "சும்மா உக்காரு" என்பதைப் போலக் கஷ்டமான கட்டளை வேறில்லை. சும்மா இருப்பதைச் செய்து காட்ட முடியாது. ஒரு வேலையைக் கொடுத்தால் அதற்காகக் காத்திருக்கும். முகூர்த்தத்தில் நாலு வயதுக்குப் பொருத்தமான வேலை அட்சதை போடுவது. அதற்குத் தெளிவான அடையாளம் இருக்கிறது: கெட்டிமேளம். மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கும் அது கேட்கும்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழைகள் மூன்று. அட்சதையை முன்கூட்டியே கையில் கொடுத்துவிடுவார்கள். பிள்ளை பாதியைத் தின்று, மீதியைத் தரையில் கொட்டி, முன்னால் இருப்பவர் தலையில் போட்டுவிடும். மஞ்சள் தடவிய பச்சரிசி வியர்த்த கையில் ஒட்டிப் பிசுபிசுக்கும். அதனால் மாங்கல்யத் தட்டு ஆசீர்வாதத்துக்குக் கூட்டத்தில் சுற்றி வரும்போது பெரியவர் வாங்கித் தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது உயரம். கெட்டிமேளம் கேட்டதும் மண்டபமே எழுந்து நிற்கும். பிள்ளைக்குத் தெரிவது வெறும் முதுகுகள். இத்தனை நேரம் காத்திருந்தது கண்ணுக்குத் தெரியாமல் போனால் அங்கேதான் பெரிய அழுகை வரும். ஐயர் "கெட்டிமேளம்" என்று சொல்வதற்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்பே, மாங்கல்யத் தட்டு மணவறைக்குத் திரும்பியதும், இடுப்பில் தூக்கிக்கொள்ள வேண்டும். கடைசியாக, எறிகிற விதம். ஓங்கி எறிந்தால் முன்வரிசைக்காரர் கண்ணில் படும். "பூப் போடற மாதிரி, கீழேருந்து மேலே" என்று முந்தின நாள் வீட்டிலேயே வெறுங்கையால் நாலு தரம் செய்து பழக்கினால் போதும்.

அவள் போட்ட அட்சதை மணவறை வரை போகவில்லை. "நான் போட்டேன், சித்தி தலையில விழுந்துச்சு" என்று எல்லோரிடமும் சொன்னாள். திருத்த வேண்டிய இடம் இல்லை இது.

பந்தி

பந்தியில் ஒழுக்கத்தைவிட முதலில் பாதுகாப்பு. பரிமாறுகிறவர்கள் கொதிக்கக் கொதிக்க ரசமும் சாம்பாரும் வாளியில் தூக்கிக்கொண்டு குறுகிய இடைவெளியில் வேகமாக வருவார்கள். வாளி இருக்கும் உயரம் பிள்ளையின் முகத்து உயரம். அங்கே ஓட்டம் அறவே கூடாது. இந்த ஒரு விதிக்கு மட்டும் விதிவிலக்குக் கிடையாது. பிள்ளையைச் சுவரோரமாகவோ இரண்டு பெரியவர்களுக்கு நடுவிலோ உட்கார வைக்க வேண்டும். தவறிச் சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ், பற்பசை, மை எதுவும் தடவக் கூடாது. கொப்புளம் வந்தாலோ, முகம், கை என்றாலோ மருத்துவமனைக்கு.

இலையில் எல்லாவற்றையும் பரிமாற விட்டால் பிள்ளை மலைத்துப்போகும். முதலில் அப்பளம், இனிப்பு, ஒரு காய். சாதம் ஒரு கைப்பிடி, பருப்பும் நெய்யும். வேண்டாததை "போதும்" என்று இலை மேல் கையை நீட்டிக் காட்டச் சொல்லிக்கொடுக்கலாம். "சீ, பிடிக்கல" என்ற சொல்லுக்கு அது மாற்று. பிள்ளைக்கும் பிடிக்கும், பரிமாறுகிறவருக்கும் மனம் நோகாது. கல்கண்டு, முழு நிலக்கடலை, முழுத் திராட்சை இந்த வயதில் தொண்டையில் சிக்கும் ஆபத்துள்ளவை. ஓடிக்கொண்டே சாப்பிடுகிற பிள்ளைக்கு இன்னும் ஆபத்து. சாப்பிட்ட பிறகு இலையை மூட, தான் சாப்பிட்ட பக்கம் நோக்கி மடிக்க, விட்டால் சந்தோஷமாகச் செய்யும். திருநெல்வேலிப் பக்கம் மறுவீட்டில் வரும் சொதி தேங்காய்ப்பால் குழம்பு, காரம் குறைவு. கல்யாணச் சாப்பாட்டைவிட அதைப் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுவார்கள்.

வணக்கம் சொல்வது

இருபது பேர் "வணக்கம் சொல்லு" என்றபோது பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லை. பழகாத ஒன்றை, பழகாத ஆளிடம், எல்லோரும் பார்க்கச் செய்யச் சொன்னார்கள். முகூர்த்தத்தன்று மாமா மூன்று வழி வைத்தார்: கைகூப்பலாம், சிரிக்கலாம், கையை ஆட்டலாம். எது வேண்டுமோ அது. மூன்றில் ஒன்றை அவளே தேர்ந்துகொண்டதால் பெரும்பாலானவர்களுக்குக் கைகூப்பினாள்.

மடியில் உட்காரவும் முத்தம் கொடுக்கவும் கட்டாயப்படுத்தக் கூடாது. தன் உடம்பைத் தொடுவதற்கு "வேண்டாம்" சொல்லலாம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்துவிட்டு, கல்யாண வீட்டில் "மாமாதானே, கொடு" என்றால் பிள்ளை எதை நம்பும்? பெரியவர் மனமும் நோகாமல் பேச வழி இருக்கிறது. "இப்போதான் எந்திரிச்சா அத்தை, கொஞ்சம் பழகட்டும், அவளே வருவா." இதைப் பெற்றோர் சொல்ல வேண்டும், புன்னகையோடு, பிள்ளையைக் குறை சொல்லாமல். "இவ எப்பவும் இப்படித்தான்" என்று பிள்ளை காதுபடச் சொன்னால் அதுவே பெயராகிவிடும்.

காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குவது இந்த வயதுக்கு ஆச்சரியமாக எளிது. அது உடம்பால் செய்வது, வார்த்தை வேண்டாம், முடிந்ததும் விபூதி கிடைக்கும். ஆச்சி வீட்டிலேயே இரண்டு முறை செய்து பார்த்திருந்ததால் தாத்தா முன்னால் தானாகவே விழுந்தாள்.

இரண்டு வாரம் முன்பே செய்திருக்க வேண்டியது

ஒரே இரவில் சரிசெய்ததில் அதிர்ஷ்டமும் இருந்தது: பிள்ளை நன்றாகத் தூங்கிவிட்டாள். அதை நம்பி இருக்க முடியாது. அடுத்த விழாவுக்கு இந்தக் குடும்பம் எழுதி வைத்திருப்பது இது.

பதினாலு நாள் முன்பிருந்து தினமும் ஒருவேளைச் சாப்பாடு பாயில் சம்மணம் போட்டு, இலையில் அல்லது தட்டில். முதல் நாள் 5 நிமிடம் உட்கார்ந்தால் போதும். இரண்டாவது வாரம் 10, 12. அதற்கு மேல் இழுக்க வேண்டாம். காதுக்குள் பேசும் விளையாட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள்: "மெதுவாப் பேசு" என்றால் பிள்ளைக்குப் புரியாது, "என் காதுக்குள்ள சொல்லு" என்றால் புரியும். பொம்மைகளை வைத்துக் கல்யாணம் நடத்தலாம். பிள்ளையே ஐயர், பிள்ளையே மேளம். பழைய கல்யாண ஆல்பத்தில் ஐந்து படம் எடுத்து வரிசையாகக் காட்டலாம்: மாலை மாற்றுவது, தாலி, அட்சதை, காலில் விழுவது, சாப்பாடு. விசேஷ நாளில் பக்கத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனால் நாதஸ்வரம், தவில் சத்தம் பழகும். முதலில் தூரத்தில் நின்று, பிறகு கிட்டே. ரயிலில் போவதானால் ஒரு நாள் முன்னதாகப் போய்விட வேண்டும். முடியாவிட்டால் அன்று பகலில் அறையை இருட்டாக்கி இரண்டு மணி நேரம் தூங்க வைப்பதைத் தலை பின்னுவதைவிட முக்கியமான வேலையாக வைக்க வேண்டும்.

லஞ்சம் பற்றி. "நல்ல பிள்ளையா இருந்தா பொம்மை" என்ற பேரம் அன்றைக்குப் பலிக்கும். 1973-ல் மார்க் லெப்பர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், படம் வரைந்தால் பரிசு என்று முன்பே சொல்லி வரைய வைத்த பிள்ளைகள், பின்னால் தாமாக வரைவதில் காட்டிய ஆர்வம் குறைந்தது. தானாக ஆசைப்பட்டு அட்சதை போடும் பிள்ளைக்குக் கூலி பேசினால் அடுத்த கல்யாணத்தில் கூலி கேட்கும். முடிந்த பிறகு, நடந்ததைச் சொல்லிப் பாராட்டலாம்: "சத்தமா இருந்தப்போ என் காதுல வந்து சொன்னே பாரு, அது எனக்குப் பிடிச்சது." "சமத்து" என்று மட்டும் சொன்னால் எதற்குச் சமத்து என்று அதற்குத் தெரியாது.

வயதைப் பார்த்துத்தான் எதிர்பார்ப்பு. இரண்டு வயதுக்கு எந்தச் சடங்கிலும் ஐந்து நிமிடம். மற்ற நேரம் அறையில். ஆறு ஏழு வயதுக்கு அரை மணி நேரமும், தாம்பூலப் பை எடுத்துக் கொடுப்பது போன்ற வேலையும். துக்க வீட்டுக்கு இந்த அளவுகள் பொருந்தாது; அது தனியாகப் பேச வேண்டியது.

மீறி உடைந்தால்

எல்லாம் செய்தும் அழுகை வரும் நாள் உண்டு. அப்போது பேச்சைக் குறைக்க வேண்டும். பிள்ளையின் உயரத்துக்கு முழங்காலிட்டு, "வா, வெளிய போவோம்" என்ற ஒரு வாக்கியம். உடனே தூக்கிக்கொண்டு சத்தமில்லாத இடம். அங்கே போய் விசாரணை வேண்டாம், தண்ணீர் ஒரு வாய், முதுகில் கை. மூச்சு சீராக ஐந்து பத்து நிமிடம் ஆகும். அதற்குள் சமாதானம் பேச வந்த மூன்று அத்தைமார்களையும் அன்போடு திருப்பி அனுப்ப ஒரு ஆள் வாசலில் நின்றால் நல்லது. அடங்கிய பிறகு ஒரு கேள்வி: "பசிக்குதா, தூக்கம் வருதா, எங்கயாச்சும் குத்துதா?" மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

கிள்ளுவதும் அடிப்பதும் அந்த நிமிடத்தில் சத்தத்தைக் கூட்டும் என்பதை வரவேற்பு மேடையே காட்டியது. அடி வாங்கி வளரும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் குறைவதில்லை, கூடுகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியதால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018-ல் அடிப்பதைக் கைவிடுமாறு பெற்றோரை வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. போலீஸ் மாமா, ஊசி, "விட்டுட்டுப் போயிடுவேன்" போன்ற மிரட்டல்களில் இன்னொரு கேடும் உண்டு. உண்மையிலேயே கூட்டத்தில் தொலைந்துபோகும் நாளில் பிள்ளை போகவேண்டியது அந்தப் போலீஸ்காரரிடம்தான்.

தீராதவை

மேடைப் புகைப்படம் கடைசி வரை எடுக்கப்படவில்லை. மறுவீட்டன்று ஆச்சி வீட்டுத் திண்ணையில், பருத்தி கவுனில், சித்தியின் மடியில் வைத்து எடுத்தார்கள். பெரியம்மாவிடம் பிள்ளை இன்னும் போகவில்லை. அவருக்கு அதில் வருத்தம் இருக்கிறது. "வளர்ப்பு" என்ற சொல்லில் அம்மாவுக்கும் வருத்தம் இருக்கிறது. கூட்டத்தில் வைத்து இதைச் சரிசெய்ய முடியாது. தை மாதம் தம்பிக்குக் காதுகுத்து. அதற்கு முன் ஒரு நாள் பெரியம்மா வீட்டுக்குப் போய், வேறு யாரும் இல்லாமல், பிள்ளையைத் தரையில் விளையாட விட்டு, அவளாகக் கிட்டே வரும்வரை பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். காதுகுத்தில் தம்பி அழுவான். அதை இவளிடம் முன்கூட்டியே சொல்லி, அவன் கையில் கொடுக்க ஒரு வாழைப்பழத்தை வைத்துக்கொள்ளும் பொறுப்பு இவளுக்கு.